பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு

கிட்டே வந்து உட்கார்ந்துகொள், ஜெஸ்மி. நீ கேட்டது எழுத்தில்தான். இருந்தாலும் எதிரே ஒரு முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்குச் சொல்ல வரும். காபியைக் குடித்துவிட்டு வாசி, ஆறிப்போகும். உனக்கு ஒரு நல்ல கதை சொல்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. இதில் ஓடுகிறவர்கள் இல்லை, துரத்துகிறவர்கள் இல்லை. வயதான இரண்டு பெண்கள், ஒரு நாவல், ஒரு கண் மருந்து பாட்டில், அவ்வளவுதான்.

முதலில் நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ‘ஊர் உறங்காத வாரம்’ என்று பெயர். சாத்தான்குளத்துக்கு மேற்கே, செம்மணல் தேரிக்குள் நாற்பது வீடு உள்ள ஒரு ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சுதர்சனம் ஒரு நாள் காணாமல் போகிறார். குளத்துக் கரையில் அவருடைய செருப்பு மட்டும் கிடக்கிறது. அவர் இடத்துக்குக் கிருபாநிதி என்று ஒரு புது வாத்தியார் வருகிறார். பழைய வாத்தியாருக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த சந்தனக்கனிதான் அவருக்கும் ஆக்கிக் கொடுக்கிறாள். புது வாத்தியார் ஒரு வீட்டில் மோர் குடிக்கப் போகிறார், அங்கே போனவருடைய குடை தொங்குகிறது. இன்னொரு வீட்டுக் கிழவர் போனவருடைய மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கம் பார்க்கிறார். காவல்காரன் அய்யாக்குட்டியின் கையில் அவருடைய கடிகாரம். கேட்டால் யாரும் பதறுவதில்லை. “வாத்தியார் குடுத்ததுல்லா” என்கிறார்கள்.

இதை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. அந்த ஊரில் ஒருவரும் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள். கேட்காத கேள்விதான் வாசிக்கிறவரின் கழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ரத்தம் கிடையாது, கத்தி கிடையாது. பனங்கிழங்கு அவிக்கிற வாசனை வரும், அதைப் படிக்கும்போதே எழுந்துபோய்க் கதவைத் தாழிடத் தோன்றும். நானும் நாற்பது வருஷமாகக் கதை சொல்கிறவள்தான். இப்படி ஒரு இழுப்பு எனக்குக் கைவந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். கடையில் கட்டிக் கொடுக்கிற காகிதத்தில்தான் மீதி எழுத்தைப் படித்தேன். மிஷன் பள்ளி ஹாஸ்டலில் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சாயங்கால ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்காருவார்கள். அறுபது பிள்ளைகள். நான் ஒரு இடத்தில் நிறுத்துவேன். அறுபது வாயும் சேர்ந்து, “பொறவு, ஆயாம்மா?” என்று கேட்கும். அந்தப் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள். கல்யாணப் பத்திரிகை அனுப்புவார்கள். ஹாஸ்டலை மூடினபோது ஒரு சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு என்னிடம் ‘பொறவு’ என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

உன் அம்மா, பிளாரன்ஸ் டீச்சர், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர். என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்து இந்த வீட்டின் பின்னறையைக் கொடுத்தார். “ஏளா ஜீவமணி, நீயும் தனி, நானும் தனி. ரெண்டு உலை எதுக்கு?” என்றார். அப்போது உன் அப்பா தேவபிரசாதம் இறந்து ஒரு வருஷம். அவர் வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் ஆபீசிலிருந்து வந்த காலண்டர் மட்டும் சுவரில் இருந்தது. துறைமுகத்து நிலக்கரித் தூள் தினமும் ஜன்னல் கட்டையில் படியும். நான் துடைப்பேன். டீச்சர் மத்தியானம் முழுக்க வாசிப்பார், தனக்குள்ளேயே, உதடு அசையாமல். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன். சில இடத்தில் சிரிப்பார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அப்படி.

பிறகு அவருக்குக் கண் மங்கினது. புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், ஜன்னலுக்குக் கிட்டே கொண்டுபோனார், கடைசியில் என்னிடம் நீட்டினார். “நீ வாசியேன்ளா.” நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அன்றைக்கு நான் வைத்த குழம்பில் உப்பே இல்லை என்று டீச்சர் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போன ஜூனில் நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாய். நானும் வந்தேன். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, அதோடு கண்ணுக்குள் அழுத்தமும் இருக்கிறது என்றார். காலையும் சாயங்காலமும் சொட்டு மருந்து விட்டு அழுத்தத்தை இறக்கிவிட்டால் புரையை எடுத்துவிடலாம், டீச்சர் பழையபடி தானே வாசிப்பார். அழுத்தம் இறங்காவிட்டால் உள்ளே நரம்பு செத்துப்போகும், பிறகு எதை எடுத்தும் பார்வை வராது. தெளிவாகச் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். “ஆபரேஷன் முடிஞ்சதும் அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன், ஜீவமணியம்மா. நீங்களும் எத்தன நாளு பாப்பீங்க. உங்களுக்கும் ஓய்வு வேணும்லா.” நல்ல மனசோடுதான் சொன்னாய். உப்பு லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் அதன் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓய்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், பிள்ளை. ஹாஸ்டலை மூடின பிறகு ஏழு மாதம் ஓய்வில் இருந்திருக்கிறேன்.

அந்த வாரம்தான் நாவலைத் தொடங்கினோம். டீச்சரின் தகப்பனார் உபதேசியார் அல்லவா, அவர் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. குடும்ப ஜெபத்தில் பைபிளின் ஒரு ஆகமத்தை வாசிக்கத் தொடங்கினால், அதை முடிக்கிற வரைக்கும் யாரும் வெளியூர்ப் பிரயாணம் போகக் கூடாது. போனால் தேவ வார்த்தையைப் பாதியில் பேசவிட்டு எழுந்து போன மாதிரி. கல்யாணத்தைக்கூடத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். டீச்சர் இதைக் கதைப் புத்தகத்துக்கும் வைத்துக்கொண்டார், பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக. “தொடங்குனத முடிக்காம பயணம் கிடையாது” என்று உன்னிடமே போனில் சொன்னார். நீ சிரித்தாய். “நாவல்தானம்மா, ஒரு மாசத்துல முடிஞ்சிரும்” என்றாய்.

ஒரு நாளைக்கு நாலு பக்கம் வாசிப்பேன். நாலு மணிக்கு டீ. டீச்சர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்திக்கொள்வார், மருந்து விடுவேன், வழிவதைத் துடைப்பேன், பிறகு வாசிப்பு. மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று கதவை அடித்துக்கொண்டே இருக்கும். கதவுக்குக் கல் வைத்துவிட்டு வந்து உட்காருவேன். அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

“அய்யாக்குட்டிய எனக்குப் பிடிக்கல, ஜீவமணி. ரொம்ப நல்லவனா இருக்கான்.”

“நல்லவனா இருக்கது ஒரு குத்தமா, டீச்சர்?”

“கதையில குத்தந்தான். என் சர்வீஸ்ல எத்தன வாத்திமார பாத்திருக்கேன். சிரிச்சிட்டே வாரவன்தான் லீவு லெட்டரோட வாரான்.”

பத்தாம் அத்தியாயத்தில் சந்தனக்கனி புது வாத்தியாருக்குக் கருப்பட்டி போட்டுக் கஞ்சி கொடுக்கிற இடம். டீச்சர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“ஏளா, இந்தச் சோறு ஆக்குதவள நம்பாத.”

“அவ பாவம். எல்லாருக்கும் ஆக்கிப் போடுதா.”

“அதான் சொல்லுதேன். இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு சாமான் கெடச்சிருக்கு. இவ வீட்டுல மட்டும் ஒண்ணும் இல்ல. பாத்தியா?”

நான் பார்த்திருக்கவில்லை. கண் தெரிகிற நான் பார்க்காததை அவர் பார்த்தார். அப்படி ஒரு கேட்கிறவர் கிடைக்க ஒரு கதைசொல்லி எத்தனை ஜென்மம் காத்திருக்க வேண்டுமோ. அன்றைக்குத்தான் புத்தகத்தை என் அறைக்கு எடுத்துப்போய்க் கடைசி அத்தியாயத்தை, பத்தொன்பதாவதை, நான் மட்டும் வாசித்தேன்.

நீயும் வாசித்துவிட்டாய். சந்தனக்கனிதான். பழைய வாத்தியாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பதினோரு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவர், பெட்டியைக் கட்டிக்கொண்டு, “போயிட்டு வாரேன்” என்கிறார். வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அரளி விதையை அரைத்துக் கஞ்சியில் போட்டுவிடுகிறாள். பிறகு அவருடைய சாமான்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறாள், வாத்தியார் கொடுக்கச் சொன்னார் என்று. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த முடிவு எனக்கு நம்பும்படியாக இல்லை. அவ்வளவு நன்றாக எழுதியவர் அங்கே சறுக்கிவிட்டார். சோறு போடுகிறவர்களின் மனசு அவருக்குத் தெரியாது. சாகடிப்பதா, அதில் யாருக்கு என்ன லாபம், அடுத்த நாள் சோறு ஆக்க ஆள் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டேன். டீச்சருக்கு அந்த முடிவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் பத்தொன்பதாவதை நான் எழுதினேன். எழுதினேன் என்றால் காகிதத்தில் இல்லை, வாயால்.

என் கதையில் வாத்தியார் சாகவில்லை. நாற்பதாவது வீட்டின் உள்ளறையில் இருக்கிறார். வெயில் படாமல், வேளைக்குச் சாப்பாட்டோடு. முதலில் கதவைத் தட்டுகிறார். பிறகு தட்டுவதை விட்டுவிடுகிறார். பிறகு ஒரு நாள் கதவு திறந்தே கிடக்கிறது, அவர் வெளியே வரவில்லை. டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பொறவு?” என்று கேட்டார்.

அறுபத்தொன்றாம் அத்தியாயம் வரைக்கும் கொண்டுபோனேன், ஜெஸ்மி. ஆகஸ்டில் முடிய வேண்டியது ஜனவரி வரைக்கும் வந்தது. அய்யாக்குட்டியின் மேல் சந்தேகத்தைக் கொண்டுவந்தேன், எடுத்தேன். கோயில் அசனத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு இலை மட்டும் கூடுதலாக விழுகிற மாதிரி வைத்தேன். அது முப்பத்திரண்டாவது. டீச்சர் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார். நடுவில் ஒரு தடவை, “கையில குடு, எவ்வளவு மிச்சம்னு தடவிப் பாக்கேன்” என்றார். அதற்கு முன்னாலேயே நான் பள்ளியின் தடித்த பழைய ஆண்டு மலருக்கு, நாவலுக்குப் போட்டிருந்த அதே பழுப்பு அட்டையைப் போட்டு வைத்திருந்தேன். தடவிப் பார்த்தார். “அம்மாடி, இன்னும் இவ்வளவு கெடக்கா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நீ மாதத்துக்கு ஒரு தடவை கேட்டாய், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கட்டுமா என்று. டீச்சர்தான் தள்ளினார். “கத முடியட்டும்ளா. தொடங்குனத முடிக்காம வந்தா எங்க அப்பா கல்லறையில திரும்பிப் படுப்பாரு.” செக்கப்புக்காவது போக வேண்டும் என்று நீ சொன்னாய். அக்டோபரில் மழை. நவம்பரில் தெருவெல்லாம் தண்ணீர். டிசம்பர் கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு இல்லை. எல்லாம் தானாக அமைந்தது. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. போனில் நீ, “மருந்து விடுறீங்கள்லா?” என்று கேட்பாய். “ஒரு வேளை தப்பல” என்பேன். தப்பவில்லை. காலையும் சாயங்காலமும் அவர் கண்ணில் சொட்டு விட்டேன்.

கார்த்திகையில் டீச்சருக்குத் தலைவலி வந்தது. நெற்றிப் பொட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தைலம் தேய்த்துவிட்டேன், சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்றார். அது எனக்குப் புதிதாக இருந்தது. அடுத்த நாள் அதை நாற்பதாவது வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்தேன். அவரும் விளக்கைச் சுற்றி வானவில்லைப் பார்த்தார். “எனக்குத் தெரியுத மாதிரியே எழுதிருக்கானே” என்று டீச்சர் அதிசயப்பட்டார். பிறகு ஒரு நாள் வானவில்லும் தெரியவில்லை என்றார்.

ஜனவரியில் நீ வந்து, கதையாவது மண்ணாவது என்று கூட்டிப்போனாய். அந்த டாக்டர் இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். நரம்பு செத்துவிட்டது என்றார். பிறகு உன்னைப் பார்த்து, மருந்து விட்டு வந்த கண் மாதிரி இல்லையே என்றார். அதற்கு டீச்சர் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். “அப்படிச் சொல்லாதீங்க, சார். ஜீவமணி கை ஒரு நாள் தவறல. நாந்தான் கத கதன்னு நாளக் கடத்திட்டேன். என் தப்பு.” காரில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, “நீ வருத்தப்படாதளா” என்று என்னைத் தேற்றினார். நான் அதை மறுத்துப் பேசவில்லை. அவர் அப்போது அமைதியாக இருந்தார். அந்த அமைதியைக் கலைப்பது நல்லதாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நீ அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தாய். “மேஜையில இருக்கும்மா, பழுப்பு அட்ட. விட்ட எடத்துலேர்ந்து நான் வாசிக்கேன்” என்றாய். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அட்டையைத் திறக்கிற சத்தம் கேட்டது. நீ பார்த்துக்கொண்டிருந்தது வரிசையாக நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படம். “என்னளா, வாசி” என்று டீச்சர் சொன்னார். “கண்ணாடிய மறந்துட்டேம்மா” என்று நீ சொன்னாய். நல்ல பதில். அம்மாவின் பிள்ளை நீ.

மத்தியானம் என் தலையணைக்கு அடியிலிருந்து நிஜப் புத்தகத்தை எடுத்து ஒரே இருப்பில் வாசித்தாய். முடித்துவிட்டு நேரே குளிர்பதனப் பெட்டியைத் திறந்து மருந்து பாட்டிலை எடுத்தாய். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாய். அந்த நாவல் எவ்வளவு நல்ல நாவல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தவர்களுக்கு எங்கே தேடுவது என்று சொல்லித் தந்துவிடுகிறது.

உனக்கு வேண்டியதை இப்போது சொல்கிறேன். பாட்டிலில் இருந்தது கொதித்து ஆறின தண்ணீர். மருந்து கண்ணில் கரிக்கும் என்பதால் ஒரு கல் உப்பு சேர்த்திருந்தேன். மாதம் மாதம் புது மருந்து வாங்கி, துவைக்கிற கல்லில் ஊற்றிவிட்டு, பாட்டிலை வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கொதித்ததுதான். அழுக்குத் தண்ணீரை நான் விடவில்லை. மறந்துபோய்ச் செய்யவில்லை, தெரியாமலும் செய்யவில்லை. டாக்டர் சொன்னது புரிந்துதான் செய்தேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டாய். எல்லாம் நாவலிலிருந்து வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிஜத்தில் டீச்சர் கண்ணில் மருந்து விழுந்தது நாலே நாள். ஐந்தாம் நாள் காலையில் நீ கோயம்புத்தூர் பஸ் ஏறினாய். அன்று சாயங்காலம் விட்டது தண்ணீர். நாவலை நான் அலமாரியிலிருந்து எடுத்தது அதற்கு மறுநாள். தடிமனாக ஏதாவது இருக்கிறதா என்று தேடி, அதுதான் கிடைத்தது.

போலீஸுக்குக் கொடுப்பதென்றால் கொடு. கேட்டதற்குப் பதில் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய் என்று நினைக்கிறேன். அப்படி வாசிக்கும்போது அவசரப்படாதே. ‘ஓய்வு’ என்று நான் எழுதியிருக்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்து. உப்பு வருகிற பத்திக்கு வரும் முன்பே அவர் கையைத் தூக்கி உன்னை நிறுத்துவார், பார். அவராகக் கண்டுபிடிக்கட்டும். முந்திச் சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. ஏழு மாதம் அவரை நான் ஒரு நாள்கூடத் தனியாக விடவில்லை என்பதையும் சேர்த்து வாசி. அதை யாரும் மறுக்க முடியாது.

கர்த்தர் உன் வீட்டை ஆசீர்வதிக்கட்டும், ஜெஸ்மி. உன் பிள்ளைகள் தூர தேசம் போனாலும் சுகமாக இருக்கட்டும். உன் புருஷனுக்கு நீடித்த ஆயுள் கிடைக்கட்டும். உன் வீட்டில் அடுப்பும் பேச்சும் அணையாமல் இருக்கட்டும். உனக்கும் வயதாகி, எல்லாரும் போய், நீ ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிற காலம் வரும்போது, என்னைப் போல ஒருத்தி உன் பக்கத்தில் இருக்கட்டும்.